ஒன்றரை சென்ட் தோட்டத்துக்கு எத்தனை கோழி?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டம் பக்கம் 7 சென்ட் புரையிடம். வீடு, கிணறு, வண்டி நிறுத்துகிற இடம் எல்லாம் போகப் பின்னால் ஒன்றரை சென்ட் மிச்சம். அதில் 2 தென்னை, 4 மூடு வாழை, ஒரு முருங்கை, வீட்டம்மா ஆசையாகப் போட்ட கீரைப் பாத்தி. வீட்டில் 4 பேர். ஆளுக்கு நாளொரு முட்டை வேண்டும். கோழியைக் கூண்டிலேயே போட்டு வைக்காமல் அவிழ்த்துவிட்டு வளர்க்க வேண்டும். மச்சான் 20 கோழி கொள்ளும் இரும்புக் கூண்டு ஒன்றைச் சும்மா தருகிறேன் என்கிறார், அதனால் 20 வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள். முட்டை, திறந்துவிட்ட கோழி, கீரைப் பாத்தி என்று மூன்று ஆசை இதற்குள் இருக்கிறது. ஒன்றரை சென்டில் இந்த மூன்றும் எத்தனை கோழி வரைக்கும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் இருக்கும் என்று கேட்டால், என் பதில் 6. அதுவும் முதல் வருஷம் 4 போதும்.

நான் கால்நடைப் பராமரிப்புத் துறையில் கால்நடை ஆய்வாளராக 29 வருஷம் இருந்தவன். பெரும்பாலும் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள்தான். மருத்துவர் அல்ல, நோய்க்கு மருந்து எழுதித் தருவது என் வேலை இல்லை, இங்கேயும் அதைச் செய்யப் போவதில்லை. ஆனால் தடுப்பூசி போடவும் கணக்கெடுக்கவும் ஏறி இறங்கிய வீடுகளில் எத்தனையோ கோழிக்கூடுகளைப் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலும் 22 வருஷமாகக் கோழி உண்டு. அதிகபட்சம் 31 வரை போனேன். இப்போது 7.

இட அளவிலிருந்து தொடங்குவோம், எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஒரு சென்ட் 435 சதுர அடி, உங்களுடையது ஏறக்குறைய 650. பண்ணைக் கொட்டகையில் தரையில் கூளம் பரப்பி முட்டைக்கோழி வளர்ப்பவர்கள் கோழிக்கு 2 சதுர அடி கணக்கு வைப்பார்கள். வீட்டில் வளர்ப்பவர்களுக்கு இராத்திரிக் கூட்டில் 3 அல்லது 4, பகலில் உலாவ 10 என்று பொதுவாகச் சொல்வது. இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2 என்பது பண்ணைக்காரரின் லாபக் கணக்கிலிருந்து வந்தது, 10 என்பது பழக்கத்தில் நிலைத்த ஒரு மதிப்பு. எப்படி இருந்தாலும் 650-ஐ 10-ஆல் வகுத்தால் 65 கோழி வரும்! 20 என்ன, அதற்கு மேலும் வளர்க்கலாம் போலத் தோன்றும். அந்தக் கணக்கு மாசி, பங்குனி மாதத்துக்குச் சரி. நம்முடைய கன்னியாகுமரி மாவட்டத்தில் அது பாதி வருஷத்துக்கு உதவாது.

வைகாசிப் பாதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். எங்கள் பாட்டிமார் இடவப்பாதி என்பார்கள். அது ஓய்ந்து கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் ஐப்பசியில் வடகிழக்கு வந்துவிடும். தமிழ்நாட்டின் மற்ற மாவட்டக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து கோழி வளர்க்கிறார்கள். நாம் ஈரத்துக்குப் பயந்து வளர்க்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழை என்று சொல்கிறோமே, அந்த அடைமழையில் 4 நாள் தொடர்ந்து பெய்தால் உங்கள் 650 சதுர அடியில் கோழி கால் வைக்கக்கூடிய காய்ந்த இடம் எவ்வளவு? கூரைக்குக் கீழே இருப்பது மட்டும்தான். அந்த இடத்தைத்தான் 10-ஆல் வகுக்க வேண்டும். 6 அடிக்கு 10 அடி ஒரு கூரை போட்டால் 60 சதுர அடி, 6 கோழி. உங்கள் ஒன்றரை சென்டில் இதைவிடப் பெரிய கூரை போட்டால் கீரைக்கு வெயில் கிடைக்காது.

இந்தக் கணக்கு எனக்குக் கொட்டகைப் பயிற்சியில் வந்ததல்ல. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். அன்றைக்கு என்னிடம் 11 கோழி. காலையில் காற்று ஏறத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் கூட்டின் தகரம் கழன்று பக்கத்து ரப்பர் விளைக்குள் போய் விழுந்தது. பிறகு அந்த ரப்பர் மரங்களே முறிந்து விழுந்தன. நனைந்து ஒட்டிக்கிடந்த கோழிகளை இரண்டிரண்டாகச் சாக்கில் போட்டுத் தூக்கிவந்து அடுக்களைக்குப் பின்னால் இருக்கும் ஒர்க் ஏரியாவில் விட்டோம். 8 அடிக்கு 7 அடி இடம். கரண்டு இல்லை, மோட்டார் ஓடாது, கிணற்றில் வாளி போட்டு இறைத்துத்தான் எல்லாம். முதல் நாள் பயத்தில் அவை மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. இரண்டாம் நாள் அம்மிக்கு மேலே ஒன்று, கேஸ் சிலிண்டருக்கு மேலே ஒன்று என்று ஏறிக்கொண்டன. மூன்றாம் நாள் கொத்துச் சண்டை ஆரம்பித்தது. இருந்ததிலேயே சிறிய பெட்டைக்கு வால் புறம் இரத்தம் வரும்வரை கொத்திவிட்டன. அதைத் தனியாக ஒரு கூடையில் கவிழ்த்து வைத்தோம். என் மனைவி அதுவரைக்கும் கோழியைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நான்காம் நாள் காலையில் தேங்காய் திருவ உட்கார்ந்தவள், "ஆறுன்னா நானே பாத்துக்கிடுவேன், பதினொண்ணு ஆகாது" என்றாள். 56 சதுர அடிக்கு அவள் சொன்ன எண்ணும், 10-ஆல் வகுத்தால் வரும் எண்ணும் ஒன்றாக இருந்தது பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஈரம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், கூளம் நனைந்தால் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, எச்சத்திலிருந்து அமோனியா கிளம்பும். நின்றபடி முகர்ந்து பார்த்து நாற்றம் இல்லை என்று சொல்லிவிடுவோம். உட்கார்ந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள். கண் எரிந்தால் கோழிக்கும் எரிகிறது என்று அர்த்தம். அதன் நுரையீரல் அதைத் தாங்காது. இன்னொன்று இரத்தக் கழிச்சல். அந்தக் கிருமியின் முட்டை எச்சத்தோடு வெளியே வரும்போது நோய் உண்டாக்கும் நிலையில் இருக்காது. சூடும் ஈரமும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முற்றிவிடும். கூளம் காய்ந்திருந்தால் அப்படி ஆகாது. பெரிய கோழிகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், குஞ்சுகளும் இளங்கோழிகளும்தான் சாகும். நான் 31 வைத்திருந்த வருஷம் ஒரே கார்த்திகையில் 9 இளங்கோழி போயின. துறையில் வேலை பார்ப்பவன் வீட்டிலேயே! கூட்டின் தாழ்வாரம் ஒரு அடி குறைவாக இருந்தது, சாரல் உள்ளே அடித்தது, அவ்வளவுதான் காரணம். கூளத்துக்கு மார்த்தாண்டத்தில் உங்களுக்குக் கஷ்டமில்லை, மரமில்லில் இழைப்புச் சீவல் கிடைக்கும். பொடித்தூளைவிடச் சீவல் நல்லது. தேங்காய் நார்க்கழிவு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அது மழைக்காலத்துக்கு ஆகாது.

இனி முட்டைக் கணக்கு. 4 பேருக்கு வாரம் 28 முட்டை. அசல் நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை இடும். ஒரு சுற்றில் பத்துப் பன்னிரண்டு இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரிக்க 21 நாள், பிறகு குஞ்சு வளர்க்கிற காலம். ஒரு கோழிக்கு வாரம் ஒன்றேகால் முட்டை என்று வையுங்கள். 28 வேண்டுமானால் 20-க்கு மேல் கோழி வேண்டும். உங்கள் மச்சானின் கூண்டுக் கணக்கு இங்கே சரியாகப் பொருந்துகிறது என்று நினைப்பீர்கள். ஆனால் நாட்டுக்கோழியைக் கூண்டில் அடைத்தால் அது நாட்டுக்கோழியாக இருப்பதில் ஒரு பயனும் இல்லை. ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராமபிரியா, திருச்சூர் மண்ணுத்தியிலிருந்து வந்த கிராமஸ்ரீ போன்ற மேம்படுத்திய இனங்கள் நல்ல தீவனம் கொடுத்தால் வருஷம் 180 வரை வரும். அப்படியானால் 8 கோழி. கேரள எல்லைக்கு அந்தப் பக்கமும் நம் பக்கமும் இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிற பிவி 380 எனும் பழுப்பு முட்டைக் கலப்பினம் 300-ஐ நெருங்கும். அதில் 5 கோழியே 28 முட்டை தந்துவிடும். அதற்கு அடை உட்காரும் புத்தி கிடையாது, சுபாவமும் சாது. ஆனால் அது பசித்த வயிறோடு முட்டையிடும் இனம் அல்ல. தீவனம் ஒரு வாரம் தவறினால் முட்டை நிற்கும், சுண்ணாம்புச் சத்து போதாவிட்டால் தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். முட்டைக்காரக் கோழிக்கு நாளைக்கு ஏறக்குறைய 4 கிராம் கால்சியம் வேண்டும். குளச்சல் பக்கம் கிடைக்கும் சிப்பி ஓட்டை இடித்து ஒரு சிரட்டையில் தனியே வைத்தால் வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும்.

ஆகவே என் யோசனை, இப்போது 4 பிவி 380, வாரம் 23 முட்டை. ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் முட்டை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் பற்றாக்குறை. ஒரு வருஷம் கழித்து அவற்றின் முட்டை குறையத் தொடங்கும்போது 2 இளங்கோழி சேருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கினால் எல்லாம் ஒரே சமயத்தில் இறகு உதிர்த்து, ஒரே சமயத்தில் கிழடாகும். ஒரு மாதம் முழுக்க கடைக்கு ஓட வேண்டியிருக்கும். புதிதாகச் சேர்க்கும்போது ஒன்றை மட்டும் விடாதீர்கள், பழசுகள் அதைக் கொத்தியே ஒழித்துவிடும். இரண்டாக விட்டால் அடி பங்காகும். முதலில் இரண்டு மூன்று வாரம் தள்ளி வைத்து நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, இராத்திரி மற்றவை கட்டையில் உறங்கும்போது பக்கத்தில் ஏற்றிவிடுங்கள். கீழ் எல்லையும் உண்டு. ஒன்றைத் தனியாக வளர்க்கவே கூடாது, இரண்டில் ஒன்று போனால் மற்றது தனியாகிவிடும். எனவே 3-க்குக் கீழே போகாதீர்கள்.

இங்கே ஒரு சின்ன விலகல். குளிர்காலத்தில் முட்டை நிற்கும், கூட்டில் விளக்கு எரியவிட வேண்டும் என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். அது குளிர்நாட்டுக்காரர்களின் கவலை. அவர்களுக்கு மார்கழியில் பகல் 8 மணி நேரமாகச் சுருங்கும். நாம் பூமத்திய ரேகைக்கு 8 பாகை வடக்கே இருக்கிறோம்; வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. கார்த்திகையில் உங்கள் கோழி முட்டையை நிறுத்தினால் வெளிச்சத்தைக் குறை சொல்லாமல் கூளத்தைத் தொட்டுப் பாருங்கள்.

தீவனம். வளர்ந்த கோழி நாளுக்கு 100 முதல் 120 கிராம் தின்னும். 6 கோழிக்கு மாதம் 20 கிலோ. 50 கிலோ சாக்கு வாங்கினால் மலிவு என்று கடைக்காரர் சொல்வார், வாங்காதீர்கள். அது இரண்டரை மாதம் கிடக்கும். ஆனி ஆடி ஈரத்தில் ஒரு மாதத்துக்கு மேல் திறந்த சாக்கு தாங்காது. கட்டி தட்டிய, பூசணம் பிடித்த தீவனம் கோழியின் ஈரலைத் தின்றுவிடும். கூட ஒரு கோழி இருந்தால் தீவனம் சீக்கிரம் தீரும் என்று இதை வைத்து எண்ணிக்கையைக் கூட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்! பிவி 380 ஒரு முட்டைக்கு 130, 140 கிராம் தீவனம் எடுக்கும். நாட்டுக்கோழிக்கு நாள் 70 கிராம் மட்டும் போட்டாலும், அது இடுகிற முட்டைக்கு வகுத்தால் ஒரு முட்டைக்கு 350 கிராமுக்கு மேல் போகும். நாட்டுக்கோழி தானே மேய்ந்து வயிறு நிரப்பும் என்பது 50 சென்ட் விளை இருந்தவர்களின் அனுபவம். ஒன்றரை சென்டில் உள்ள புழுவும் பூச்சியும் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். பிறகு அது மேய்வது உங்கள் சாக்கிலிருந்துதான். கடை முட்டையைவிட மலிவாக இருக்கும் என்ற எண்ணத்தில் இதில் இறங்க வேண்டாம். கூடு கட்டின செலவையும் சேர்த்தால் இருக்காது.

அடுக்களை மிச்சம் கொடுக்கலாம், ஆனால் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நம் ஊர் வீடுகளில் இரண்டைக் கவனிக்க வேண்டும். மரச்சீனியின், அதாவது மரவள்ளியின், பச்சைத் தோலும் இலையும் நஞ்சு, சயனைடு உண்டு. வேகவைத்த கிழங்கும் வாட்டி நன்றாகக் காயவைத்த கிழங்கும் பாதகமில்லை. இன்னொன்று, சாளைத் தலையும் குடலும் தினமும் போட்டால் முட்டையில் மீன் வாடை அடிக்கும். உங்களுக்குப் பிடிக்கலாம், முட்டை வாங்கிப் போகும் அண்டை வீட்டாருக்குப் பிடிக்காது.

அண்டை வீட்டார் என்றதும் எச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கோழி நாளுக்கு 100 கிராமுக்கு மேல் போடும். 6 கோழி மாதத்துக்கு 20 கிலோ. உங்கள் 2 தென்னையும் 4 வாழையும் அதை ஏற்றுக்கொள்ளும். 20 கோழி என்றால் மாதம் 65, 70 கிலோ. அதை எங்கே போடுவீர்கள்? பச்சை எச்சத்தை மூட்டில் கொட்டினால் வாழை கருகும், சருகோடு சேர்த்து மட்க வைக்க இடம் வேண்டும். நம் சூட்டில் ஈ முட்டையிட்டு மறுபடி ஈயாகப் பறக்க ஏழெட்டு நாள் போதும். 5 நாளுக்கு ஒரு தடவை அள்ளிவிட்டால் ஈ பெருகாது, ஒரு தடவை தவறினால் பக்கத்து வீட்டுச் சோற்றில் போய் உட்காரும். நான் பார்த்த கோழித் தகராறுகளில் பெரும்பாலானவை கூவலில் தொடங்கவில்லை, ஈயில்தான் தொடங்கின. கிணறும் இருக்கிறது. கூடு கிணற்றுக்குத் தாழ்வான பக்கம், முடிந்த மட்டும் தள்ளி. மழைத்தண்ணீர் கூட்டுக்கு அடியில் ஓடி கிணற்று உறைக்குப் பக்கத்தில் தேங்கும்படி இருந்தால் ஒரு கோழிகூட வேண்டாம்.

கீரைப் பாத்தி விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன். அவிழ்த்துவிட்ட கோழியும் கீரையும் ஒரே தோட்டத்தில் இருக்காது. அது 4 ஆனாலும் சரி. கோழிக்குக் கிண்டுவது பழக்கமில்லை, பிறவிக் குணம். தட்டு நிறையத் தீவனம் இருந்தாலும் இரண்டு காலால் கிளறிவிட்டுப் பின்னால் போய்ப் பார்க்கும். முளைத்து ஒரு வாரமான கீரையை அரை மணி நேரத்தில் தரைமட்டமாக்கிவிடும். வாழையும் தென்னையும் முருங்கையும் தாங்கும். நான் செய்வது, பகல் முழுக்க அந்தக் கூரையடியில், அந்தி மயங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்துவிடுவது. வெளிச்சம் குறையக் குறைய அவையே திரும்பிக் கூட்டுக்குப் போய்விடும், விரட்ட வேண்டாம். கீரையைச் சுற்றி மூன்றடிக்குப் பழைய மீன்வலை கட்டியிருக்கிறேன். பிவி 380 பறப்பதில் சோம்பேறி, வலையைத் தாண்டாது. நாட்டுப் பெட்டை தாண்டும்.

சேவல் வேண்டாம். முட்டையிடப் பெட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை. விடியற்காலம் மூன்றரைக்குக் கூவுகிற சேவலை 7 சென்ட் வீடுகள் நெருங்கியிருக்கும் தெருவில் யாரும் எத்தனை நாள் பொறுப்பார்கள்? சேவல் வந்தால் எண்ணிக்கையும் உங்கள் கையில் நிற்காது. ஒரு நாட்டுப் பெட்டை 12 முட்டையில் அடை கிடந்து 8 பொரிந்தால் அதில் 4 சேவலாக இருக்கும். கோயில் கொடைக்குச் சேவல் கேட்டு ஆள் வரும், கிறிஸ்துமஸுக்கும் வரும், நல்ல விலைதான். மற்ற மாதங்களில் அவற்றை யார் அறுப்பது? உங்கள் வீட்டில் அந்தக் கை யாருக்கு உண்டு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை நின்ற கிழட்டுப் பெட்டைக்கும் இதே கேள்விதான். கோழி 6 வருஷம், 7 வருஷம் உயிரோடு இருக்கும், நன்றாக முட்டையிடுவது முதல் இரண்டு வருஷம். அறுக்க மனமில்லை என்றால் அந்தக் கிழடுகளும் உங்கள் 6-க்குள் அடக்கம்.

மரநாயும் கீரியும் பெருச்சாளியும் எண்ணிக்கையைக் கேட்டு வராது, ஒன்று இருந்தாலும் வரும். ஆறுகோண ஓட்டையுள்ள கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், மரநாயை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கட்டமுள்ள வெல்டு வலை போடுங்கள், தரைக்குள் ஒரு அடி இறக்குங்கள். 6 கோழிக் கூட்டுக்கு இப்படிச் செய்யக் கை வரும். 20 கோழிக் கூட்டுக்குச் செலவைப் பார்த்ததும் ஏதாவது ஒரு பக்கம் சாக்கைக் கட்டிவிடுவோம். அந்தப் பக்கம்தான் அது வரும்.

கடைசியாகத் தடுப்பூசி. வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய் வந்தால் மருந்து கிடையாது, கூடு காலி. மஞ்சளும் சின்ன உள்ளியும் வேப்பிலையும் கொடுப்பதில் கெடுதல் இல்லை; அது தடுப்பூசிக்கு ஈடு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். குஞ்சுக்கு முதல் வாரம் கண்ணில் சொட்டு, நாலாவது வாரம் மறுபடி, எட்டாவது வாரம் ஊசி என்பது வழக்கமான முறை. வீட்டில் வளர்ப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல்: மருந்துக் குப்பி 100 கோழிக்கும் அதற்கு மேலும்தான் வரும், கலக்கினால் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். 4 கோழிக்காக ஒரு குப்பி உடைக்க முடியாது. அதனால் இரண்டு மாதம் கடந்த, ஊசி போட்டு முடித்த குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள், எந்தத் தேதியில் என்ன போட்டார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பிப்ரவரியில் துறை நடத்தும் இலவச முகாமில் சேர்ந்துகொள்ளலாம், தேதியைப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள். தெருவில் டெம்போவில் வருகிற சாயக் குஞ்சுகளைப் பிள்ளைகள் அழுதாலும் வாங்காதீர்கள். ஆலப்புழை, கோட்டயம் பக்கம் 2021 தொடக்கத்தில் நடந்ததுபோல் பறவைக்காய்ச்சல் என்று செய்தி வந்தால் அந்தச் சமயத்தில் எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பாலிருந்து கோழி கொண்டுவர வேண்டாம். வீட்டில் ஒரே நாளில் இரண்டு மூன்று செத்தால், அறுத்துச் சாப்பிடுவதையோ குளத்தில் எறிவதையோ விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மச்சானின் கூண்டு பாக்கி இருக்கிறது. 20 கோழிக் கூண்டு என்று விற்கிறவற்றில் பொதுவாக ஒரு கோழிக்குக் கிடைப்பது 450 சதுர சென்டிமீட்டர், ஒரு ஏ4 தாளைவிடச் சிறிய இடம். அதில் கோழி முட்டையிடும், அதில் சந்தேகமில்லை. சிறகை விரிக்க மட்டும் முடியாது. மாடியில் இடமும் நேரமும் குறைந்தவர்கள் அப்படி வளர்க்கிறார்கள், அவரவர் சௌகரியம். நீங்கள் அவிழ்த்துவிட்டு வளர்க்க வேண்டும் என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன். கூண்டை வேண்டாம் என்று சொல்லி மச்சான் மனதைக் கெடுக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டு இருந்தால், கீழ்த்தட்டின் தடுப்புக் கம்பிகளை வெட்டி எடுத்துவிட்டால் புதிதாக வரும் 2 கோழியை மூன்று வாரம் தள்ளி வைக்கவும், கொத்துப்பட்டதை ஆற விடவும் நல்ல இடமாகும். மேல்தட்டில் தேங்காய் அடுக்கலாம்.